சிவப்புக் குழாய், பச்சைக் குழாய்

வங்கதேசத்துக் கிராமங்களில் அடிபம்புத் தண்ணீரைச் சோதிப்பது இப்படித்தான். பம்பைச் சில நிமிடங்கள் விடாமல் அடித்து, குழாயில் தேங்கிய பழைய தண்ணீரைப் போகவிட்டு, கையடக்கமான ஒரு குப்பியில் புதுத் தண்ணீரைப் பிடிக்கிறார்கள். முதலில் ஒரு பொட்டலம் அமிலத் தூள். அடுத்து ஒரு பொட்டலம் துத்தநாகத் தூள். துத்தநாகம் விழுந்ததுமே தண்ணீர் பொரிந்து நுரைக்கத் தொடங்கும். மூடியின் உள்பக்கம் ஒரு சிறு காகிதப் பட்டை செருகியிருக்கும். அது தண்ணீரில் படக் கூடாது. மூடியை இறுக்கி, குப்பியை லேசாகச் சுழற்றி, நிழலில் வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். இருபது நிமிடம் கழித்துப் பட்டையை வெளியே எடுத்து, பெட்டியோடு வந்த வண்ண அட்டையில் பொருத்திப் பார்ப்பார்கள். வெள்ளையாகவே இருந்தால் நிம்மதி. மஞ்சள் தட்டியிருந்தால் யோசனை. பழுப்பேறியிருந்தால் அந்தக் குழாயின் வாய்க்குச் சிவப்புச் சாயம்.

குப்பிக்குள் நடப்பது எளிய வேதியியல். துத்தநாகமும் அமிலமும் சேர்ந்து ஹைட்ரஜனைக் கிளப்பிவிடுகின்றன. தண்ணீரில் ஆர்சனிக் கரைந்திருந்தால் ஹைட்ரஜன் அதையும் சேர்த்துக்கொண்டு ஆர்சைன் என்ற வாயுவாக மேலே வரும். காகிதத்தில் தடவியிருக்கும் மெர்குரிக் புரோமைடு, ஆர்சைன் பட்டதும் மஞ்சளாகி, அளவு கூடக்கூடப் பழுப்பாகும். அழுகிய முட்டை வாடையடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு தண்ணீரில் இருந்தால் அதுவும் காகிதத்தின் நிறத்தை மாற்றி ஏமாற்றிவிடும். அதை அடக்கத் தனியே ஒரு மருந்து உண்டு. ஆர்சைன் கொடிய விஷம் என்பதால் திறந்த வெளியில் செய்வதுதான் முறை.

இந்த வித்தையின் பூர்வீகம் ஒரு கொலை வழக்கு. 1832இல் இங்கிலாந்தில், காப்பியில் ஆர்சனிக் கலந்து தாத்தாவைக் கொன்றதாகப் பேரன்மேல் வழக்கு நடந்தது. ஜேம்ஸ் மார்ஷ் என்ற வேதியியலாளர் விஷம் இருப்பதைக் கண்டுபிடித்துச் சான்றையும் எடுத்துவைத்தார். ஜூரிகள் முன் வைப்பதற்குள் அந்த மஞ்சள் படிவு கெட்டுப்போயிருந்தது. பேரன் விடுதலையானான். அந்த ஆத்திரத்தில் மார்ஷ் உட்கார்ந்து யோசித்து, 1836இல் வெளியிட்டதுதான் ஆர்சனிக்கை வாயுவாக்கிப் பிடிக்கும் முறை. 1879இல் குட்சைட் என்பவர் அதைக் காகிதத்தில் நிறம் பார்க்கும் அளவுக்கு எளிதாக்கினார். ஒரு ஆளைக் கொன்ற விஷத்தைத் தேடப் பிறந்த சோதனை, நூற்றைம்பது ஆண்டுகள் கழித்துக் கோடிக்கணக்கானவர்கள் குடிக்கும் தண்ணீரில் அதே விஷத்தைத் தேட வேண்டிவந்தது.

தேடும் அளவு எவ்வளவு சிறியது என்பதையும் பார்த்துவிடலாம். குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் ஆர்சனிக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வங்கதேசம் வைத்திருக்கும் வரம்பு 50. 12,000 லிட்டர் பிடிக்கும் ஒரு டேங்கர் லாரி தண்ணீரில், 500 மில்லிகிராம் பாராசிட்டமால் மாத்திரையைக் கால் துண்டாக்கிப் போட்டால் எவ்வளவோ அவ்வளவுதான் அந்த 10 மைக்ரோகிராம் கணக்கு. நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. காய்ச்சினாலும் போகாது, நீர் ஆவியாகிக் குறையக் குறைய ஆர்சனிக் செறிவாகத்தான் ஆகும்.

இத்தனைக்கும் அந்த அடிபம்புகள் உயிர் காக்க வந்தவை. கங்கையும் பிரம்மபுத்திராவும் மேக்னாவும் சேர்ந்து கொண்டுவந்து கொட்டிய வண்டல்தான் வங்கதேசம். தண்ணீருக்குப் பஞ்சமில்லை, வீட்டுக்கு வீடு குட்டை. அந்தக் குட்டையிலேயே குளியல், பாத்திரம் கழுவல், மாடு குளிப்பாட்டல், குடிக்கவும் அதே தண்ணீர். காலராவும் வயிற்றுப்போக்கும் குழந்தைகளை வாரிக்கொண்டு போயின. 1970களில் யூனிசெப்பும் அந்நாட்டுப் பொதுச் சுகாதாரப் பொறியியல் துறையும் சேர்ந்து, குட்டைத் தண்ணீரை விட்டுவிட்டு நிலத்தடி நீரைக் குடிக்கச் சொல்லி ஊர் ஊராகக் குழாய் இறக்கின. மண்ணே வடிகட்டித் தரும் தண்ணீரில் கிருமி குறைவு என்பது சரியான கணக்குதான். ஜனங்களுக்கும் அது பிடித்துப்போனது. அரசு இறக்கியதைவிடப் பல மடங்கு குழாய்களை அவர்களே காசு போட்டு முற்றத்தில் இறக்கிக்கொண்டார்கள். மொத்தம் அறுபது லட்சம் என்பாரும் உண்டு, ஒரு கோடியைத் தாண்டும் என்பாரும் உண்டு. 1990கள் வந்தபோது கிராமத்தவர் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குழாய்த் தண்ணீர்தான் குடித்தார்கள். பொதுச் சுகாதாரத்தின் பெரிய வெற்றி என்று மாநாடுகளில் மெச்சிப் பேசப்பட்ட காலம் அது.

முதல் சேதி எல்லைக்கு இந்தப் பக்கமிருந்து வந்தது. 1983 வாக்கில் கொல்கத்தாவின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் தோல் மருத்துவர் கே.சி. சாஹாவிடம் மேற்கு வங்கக் கிராமங்களிலிருந்து சிலர் வந்தார்கள். மார்பிலும் முதுகிலும் மழைத்துளி தெறித்ததுபோல் புள்ளிகள். உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்து, முண்டு முண்டாகக் காய்த்திருந்தன. குஷ்டம் என்று ஊரார் ஒதுக்கிவைத்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். சாஹா ஆர்சனிக் என்று கண்டுகொண்டார். மூலம் அவர்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர். பின்னர் எல்லை தாண்டி வங்கதேச நோயாளிகளும் வரத் தொடங்கினார்கள். யாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்ரவர்த்தி பல ஆண்டுகள் மாதிரிகளைத் தூக்கிக்கொண்டு அலைந்து எச்சரித்தார். வங்கதேச அரசு தன் மண்ணில் அதை உறுதிசெய்தது 1993இல், சாபாய் நவாப்கஞ்ச் மாவட்டத்தில். 1998, 99இல் நாடு தழுவி 3,534 குழாய்களைச் சோதித்தார்கள். 150 மீட்டர் ஆழத்துக்குள் இருந்த குழாய்களில் 27 சதவீதம் அந்த 50 மைக்ரோகிராம் வரம்பைத் தாண்டியிருந்தன. 2000இல் ஆய்வாளர் ஆலன் ஸ்மித் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் எழுதியபோது, மூன்றரைக் கோடி முதல் ஏழு கோடியே எழுபது லட்சம் பேர் வரை ஆபத்தில் இருப்பதாகக் கணக்கிட்டு, வரலாற்றிலேயே ஒரு மக்கள்திரளுக்கு நேர்ந்த மிகப்பெரிய நஞ்சூட்டல் இதுதான் என்றார்.

இத்தனை ஆண்டுகள் யாருமே தண்ணீரைச் சோதிக்கவில்லையா? சோதித்தார்கள். கிருமி இருக்கிறதா என்று பார்த்தார்கள். இரும்பு, உப்பு, கடினத்தன்மை பார்த்தார்கள். அன்றைய வழக்கமான பட்டியலில் ஆர்சனிக் கிடையாது. 1992இல் பிரிட்டிஷ் புவியியல் ஆய்வு நிறுவனம் வங்கதேச நிலத்தடி நீரை ஆராய்ந்து அறிக்கை தந்தது. பல தனிமங்களைத் தேடிய அந்த ஆய்விலும் ஆர்சனிக் விட்டுப்போயிற்று. பாதிக்கப்பட்ட கிராமத்தார் சார்பில் லண்டனில் வழக்குப் போட்டார்கள். 2006இல் பிரபுக்கள் சபை வழக்கைத் தள்ளுபடி செய்தது: ஆர்சனிக்கைத் தேடாத ஓர் ஆய்வுக்கு, அந்தத் தண்ணீரைக் குடித்த ஒவ்வொருவருக்கும் பொறுப்பேற்கும் கடமை கிடையாது என்பது சாரம். சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் அறிக்கையைப் புரட்டும் ஒரு பொறியாளர், இல்லாத வரியை எப்படிப் படிப்பார்? பட்டியலில் இல்லாத விஷம் தண்ணீரிலும் இல்லை என்றுதான் மனசு எடுத்துக்கொள்ளும். தண்ணீர் பரிசோதனையின் முதல் சிக்கலே இதுதான். அது கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும்.

நம் ஊரில் இதையே வியாபாரமாக்கியிருக்கிறார்கள். வீட்டுக்கு வரும் விற்பனையாளர் பேனாபோல் ஒரு டி.டி.எஸ். மீட்டரைக் குழாய்த் தண்ணீரில் நனைத்து, 600 என்று காட்டிப் பயமுறுத்துவார். அந்த மீட்டர் அளப்பது நீரில் கரைந்த உப்புகள் மின்சாரத்தை எவ்வளவு கடத்துகின்றன என்பதை மட்டுமே. லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் ஆர்சனிக் அந்த எண்ணை அசைக்காது. கிருமிகளும் அசைக்காது. காலரா கிருமி நீந்தும் மழைத் தண்ணீர் அந்த மீட்டரில் அமிர்தமாகத் தெரியும். இன்னும் சிலர் இரண்டு உலோகக் கம்பிகளைத் தம்ளரில் விட்டு மின்சாரம் பாய்ச்சுவார்கள். குழாய்த் தண்ணீர் சேறாகப் பொங்கும், அவர்கள் இயந்திரத்தின் தண்ணீர் தெளிவாக நிற்கும். அந்தச் சேறு தண்ணீரில் இருந்ததல்ல. இரும்புக் கம்பி கரைந்து வந்த துரு. உப்பே இல்லாத தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தாததால் அங்கே கம்பி கரையவில்லை. அவ்வளவுதான் சூட்சுமம்.

வங்கத்துக்குத் திரும்புவோம். அந்த ஆர்சனிக்கை யாரும் கொண்டுவந்து கொட்டவில்லை. இமயத்துப் பாறைகள் தேய்ந்து ஆறுகளோடு வந்த மணலில், இரும்புத் துருவின் மேல் ஒட்டிக்கொண்டு அது வந்தது. ஒட்டியிருக்கும் வரை தண்ணீருக்குத் தொல்லையில்லை. ஆனால் டெல்டா மண்ணில் மக்கிய செடிகொடிகள் ஏராளம். அவற்றைத் தின்னும் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டு, அதற்குப் பதிலாக இரும்புத் துருவைச் சுவாசிக்கத் தொடங்கும். துரு கரையும், அதில் ஒட்டியிருந்த ஆர்சனிக்கும் கூடவே தண்ணீரில் இறங்கும். ஆறுகள் அண்மைக் காலத்தில் முப்பது, நாற்பது மீட்டர் தடிமனுக்கு நிரப்பிய மண்ணில் இது மும்முரமாக நடக்கிறது. அதற்கு வெகு கீழே, பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் படிந்து நன்றாக ஆக்சிஜன் பட்ட பழைய மணலில் பெரும்பாலும் நடப்பதில்லை. நாடு தழுவிய அதே ஆய்வில் 150 மீட்டருக்குக் கீழே போன குழாய்களில் ஏறக்குறைய ஒரு சதவீதம்தான் வரம்பைத் தாண்டின.

இந்த ரகசியம் குழாய் இறக்கும் தொழிலாளிகளின் கண்முன்னே வெகுநாளாகக் கிடந்தது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. அங்கே பெரிய ரிக் வண்டியெல்லாம் வேண்டாம். மூங்கில் சாரம் கட்டி, ஒரு நெம்புகோல் மூங்கிலில் குழாயைப் பிணைத்து, இரண்டு மூன்று பேர் அதை ஏற்றி இறக்குவார்கள். குழாயைச் சுற்றிய குழியில் தண்ணீரும் சாணியும் கரைத்த குழம்பு. சாரத்தின் உச்சியில் ஒருவர் உட்கார்ந்து குழாயின் வாயை உள்ளங்கையால் பொத்துவார்; குழாய் இறங்கும்போது கையை எடுப்பார். அந்தக் கைதான் வால்வு. ஒவ்வொரு இறக்கத்துக்கும் அடியிலிருந்து மணல் கலந்த தண்ணீர் மேலே பீறிட்டு வந்து அவர் மடியில் தெறிக்கும். ஒரே நாளில் பல பத்து மீட்டர் போய்விடுவார்கள். அப்படி வரும் மணல் சாம்பல் நிறமாகவோ கறுப்பாகவோ இருக்கும், சில ஆழங்களில் செம்மண் நிறத்துக்கு மாறும். சிவந்த மணல் என்றால் துரு இன்னும் கரையாமல் இருக்கிறது என்று பொருள். ஆர்சனிக்கும் அதைவிட்டு வரவில்லை. மத்லப் பகுதியில் வங்கதேச, ஸ்வீடன் ஆய்வாளர்கள் தொழிலாளிகளோடு சேர்ந்து மணல் நிறத்தையும் தண்ணீரின் ஆர்சனிக்கையும் ஒப்பிட்டபோது இந்தக் கைக்கணக்கு நன்றாகவே பொருந்தியது. பொருந்தினாலும் தண்ணீரைச் சோதிக்காமல் விட முடியாது. ஆனால் குழாயை எந்த ஆழத்தில் நிறுத்துவது என்று முடிவுசெய்யும் அந்த மத்தியான நேரத்தில் அங்கே இருப்பது விஞ்ஞானியல்ல, சாரத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அந்த ஆள்.

2000க்குப் பிறகு உலக வங்கி உதவியோடு ஒரு பெரும் இயக்கம் நடந்தது. கிட்டத்தட்ட ஐம்பது லட்சம் குழாய்களைச் சோதித்து, வரம்பைத் தாண்டியவற்றுக்குச் சிவப்பு, மற்றவற்றுக்குப் பச்சைச் சாயம் பூசினார்கள். ஏறத்தாழ பதினான்கு லட்சம் குழாய்கள் சிவப்பாயின. சிவப்புக் குழாயில் துணி துவைக்கலாம், பாத்திரம் கழுவலாம், குடிக்கவும் சமைக்கவும் கூடாது. படிக்கத் தெரியாதவருக்கும் புரியும் பாஷை அது.

சாயம் பூசிய பிறகு என்ன நடந்தது என்பதை டாக்காவுக்குக் கிழக்கே அராய்ஹஜார் என்ற பகுதியில் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வங்கதேசத்தாரோடு சேர்ந்து 2000 முதல் பார்த்துவருகிறார்கள். இருபத்தைந்து சதுர கிலோமீட்டருக்குள் ஆயிரக்கணக்கான குழாய்களை ஒவ்வொன்றாகச் சோதித்தபோது தெரிந்தது வினோதமான படம். பாதி கெட்டவை, பாதி நல்லவை, இரண்டும் அடுத்தடுத்து. உன் வீட்டுக் குழாயில் 300 இருக்கும். வேலிக்கு அப்பால் பத்து வீடு தள்ளி 5 இருக்கும். அடியில் மணல் படிந்த விதம் அப்படி. ஆகவே ஊருக்கு ஒரு மாதிரி எடுத்து ஊரைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. இதிலேயே ஒரு நல்ல சேதியும் இருந்தது. அங்கே வசிப்பவர்களில் ஏறத்தாழ 90 சதவீதம் பேருக்கு நூறு மீட்டருக்குள் ஒரு நல்ல குழாய் இருந்தது. புதிதாக எதுவும் கட்ட வேண்டாம். பக்கத்து வீட்டுக்கு நடந்தால் போதும்.

நூறு மீட்டர் நடப்பதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். தண்ணீர் எடுப்பது பெண்கள். இன்னொருவர் முற்றத்துக்குள் நாளுக்கு நாலு தடவை குடத்தோடு போய் நிற்பது என்றால் அந்த வீட்டாரோடு முகம் கோணாமல் இருக்க வேண்டும்; வாய்க்கால் தகராறு, பெண் கொடுத்த தகராறு எதுவும் இருக்கக் கூடாது; இளம் மருமகள் என்றால் வாசல் தாண்டவே கணக்கு உண்டு. இவ்வளவையும் மீறி, தன் குழாய் கெட்டது என்று அறிந்தவர்களில் சுமார் அறுபது சதவீதம் பேர் ஓராண்டுக்குள் வேறு குழாய்க்கு மாறினார்கள். ஒரு காகிதப் பட்டையின் நிறத்தை நம்பி இவ்வளவு பேர் நடந்தார்கள் என்பது சாதாரணமில்லை. பெரும் பொருட்செலவில் கட்டிய பல குடிநீர்த் திட்டங்களால் இதைச் செய்ய முடிந்ததில்லை.

அந்தக் காகிதத்தை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்வியும் எழுந்தது. அராய்ஹஜாரில் 799 குழாய்களில் பெட்டிச் சோதனையையும் ஆய்வகச் சோதனையையும் ஒப்பிட்டார்கள். 88 சதவீதம் சரியாக இருந்தது. தவறு நேர்ந்த குழாய்கள் பெரும்பாலும் 50க்கும் 100க்கும் இடைப்பட்டவை, அதாவது எல்லைக்கோட்டுக்காரர்கள். இருபது நிமிடத்தை நாற்பதாக்கினால் அந்தத் தவறும் குறையும் என்றும் கண்டார்கள். ஆய்வகத்தின் துல்லியத்தைச் சொல்லிக் களப்பெட்டிகளை இளக்காரம் செய்யும் அதிகாரிகள் எல்லா நாட்டிலும் உண்டு. வீட்டு முற்றத்தில் நாற்பது நிமிடத்தில் கிடைக்கும் ஏறக்குறையச் சரியான பதில், மாவட்டத் தலைநகரில் மூன்று மாதம் கழித்துக் கோப்பில் ஏறும் துல்லியமான பதிலைவிட உயர்ந்தது என்பது என் கட்சி.

மாறாவிட்டால் என்ன ஆகும்? அதே அராய்ஹஜாரில் ஏறக்குறையப் பன்னிரண்டாயிரம் பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு 2010இல் லான்செட் இதழில் வந்தது. அங்கே நேர்ந்த மரணங்களில் ஐந்தில் ஒன்று, 10 மைக்ரோகிராமுக்கு மேற்பட்ட ஆர்சனிக்கின் கணக்கில் சேரும் என்றது. தோல் புள்ளிகள் வெளியே தெரிபவை. உள்ளே நுரையீரல், சிறுநீர்ப்பை, இதயம் எல்லாம் பத்து, இருபது ஆண்டுகளில் மெல்ல அரிக்கப்படுகின்றன. இன்று குடித்தால் நாளை வாந்தி வரும் விஷமாக இருந்திருந்தால் இவ்வளவு பாடு வேண்டியிருக்காது.

வடிகட்டிகள் தனிக்கதை. வங்கதேசத்தின் குஷ்டியாவைச் சேர்ந்த வேதியியலாளர் அபுல் ஹுஸ்ஸாம் உருவாக்கிய சோனோ வடிகட்டி 2007இல் அமெரிக்காவில் பத்து லட்சம் டாலர் கிரைஞ்சர் பரிசு பெற்றது. இரண்டு வாளிகள், ஆற்று மணல், மரக்கரி, செங்கல் துண்டு, நடுவில் பக்குவப்படுத்திய இரும்புத் துகள். எந்தத் துருவின் மேல் ஒட்டி ஆர்சனிக் வந்ததோ அதே துருவை வைத்து அதைத் திரும்பப் பிடிக்கும் தந்திரம். நன்றாக வேலை செய்கிறது. ஆனால் எந்த வீட்டு வடிகட்டியும் ஒரு நாள் அடைத்துக்கொள்ளும், குழாய் உடையும், உள்ளே இருக்கும் சரக்கு தீர்ந்துபோகும். தீர்ந்தது கண்ணுக்குத் தெரியாது என்பதால் அதன் தண்ணீரையும் அவ்வப்போது சோதிக்க வேண்டும். சோதனையிலிருந்து தப்பிக்க வடிகட்டியில் வழியில்லை.

இதே அனுபவம் நமக்கும் உண்டு; நம் விஷம் வேறு. பழைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் கிணற்றுத் தண்ணீரால் எலும்பு இறுகி முடங்கியவர்களைப் பற்றி ஷார்ட் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் எழுதியது 1937இல். காரணம் ஃபுளூரைடு. படிகாரமும் சுண்ணாம்பும் போட்டுக் கலக்கித் தெளியவைக்கும் நல்கொண்டா முறையை நாக்பூர் நீரி ஆய்வகம் பிறகு உருவாக்கியது. மலிவான, நேர்த்தியான முறை; தினமும் அளவறிந்து போட ஆள் வேண்டும் என்பதால் பல ஊர்களில் நிலைக்கவில்லை. பல் பழுப்பேறிய தலைமுறைகளைக் கண்ட தர்மபுரி, கிருஷ்ணகிரிக்கு இறுதியில் வந்தது ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம்: கெட்ட தண்ணீரைச் சுத்தம் செய்வதை விட்டுவிட்டுக் காவிரியைக் குழாயில் கொண்டுவருவது.

வங்கதேசத்தில் அதற்கு இணையான வழி அரசு செலவில் ஆழ்குழாய் இறக்குவது. ஒரு ஆழ்குழாய் பல குடும்பங்களுக்குப் போதும். ஆனால் எந்த முற்றத்தில் இறக்குவது என்பதை உள்ளூர் அரசியல்வாதி முடிவுசெய்தால் என்ன ஆகும் என்று தமிழ் வாசகருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2016இல் வெளியிட்ட அறிக்கை, வேண்டியவர்களின் வீட்டு வேலிக்குள் போய் முடிந்த ஆழ்குழாய்களைப் பற்றியது.

இதற்குள் குட்டையிலிருந்து துரத்திய பழைய எதிரி திரும்பிவந்துவிட்டான். சொந்த முற்றத்துச் சிவப்புக் குழாயை விட்டுத் தூரத்துத் தண்ணீருக்குப் போகச் சொல்லப்பட்ட குடும்பங்களை நெடுநாள் கழித்துப் பார்த்த பொருளாதார ஆய்வாளர்கள், அங்கே சின்னக் குழந்தைகளின் இறப்பு கூடியிருப்பதைக் கண்டார்கள். தூரத்துத் தண்ணீரை ஒரு தடவை கொண்டுவந்து நாள் முழுக்க வைத்திருந்து குடிக்க வேண்டும். குடத்துக்குள் தம்ளரும் கையும் போகும். சிலர் குட்டைக்கும் திரும்பியிருப்பார்கள். ஆர்சனிக்கிலிருந்து பெரியவர்களைக் காப்பாற்றிய ஆலோசனை வயிற்றுப்போக்கிடம் குழந்தைகளை விட்டுக்கொடுத்ததோ என்ற சந்தேகம் அந்த ஆய்வில் கிடக்கிறது. சிவப்பு, பச்சை என்ற இரண்டு நிறத்தில் ஒரு விஷத்தின் கதையைத்தான் சொல்ல முடியும்.

கிருமியைத் தேடும் எளிய சோதனையில் இந்தியாவுக்குப் பெருமைப்பட ஒன்று உண்டு. 1982இல் குவாலியர் பாதுகாப்பு ஆய்வகத்தைச் சேர்ந்த மஞ்சா, மௌரியா, ராவ் மூவரும் உலக சுகாதார நிறுவன இதழில் வெளியிட்டது. சிறு குப்பிக்குள் மடித்த காகிதம். அதில் பெப்டோன், சோடியம் தயோசல்பேட், இரும்பு உப்பு ஊறிக் காய்ந்திருக்கும். குறித்த கோடு வரை தண்ணீரை ஊற்றி, மூடி, வெதுவெதுப்பான இடத்தில் ஒரு ராத்திரி வைத்தால் போதும். மலத்தோடு வரும் நுண்ணுயிர்கள் பல ஹைட்ரஜன் சல்பைடை விடும். அது இரும்போடு சேர்ந்ததும் குப்பி மையாகக் கறுத்துவிடும். நம் ஊர்களில் ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குச் சோதனைப் பெட்டியில் பயிற்சி தருகிறார்கள் அல்லவா, அவர்களிடம் இந்தக் குப்பியும் உண்டு. மின்சாரமோ நுண்ணோக்கியோ வேண்டாம். கறுத்த குப்பியை யாரிடமும் விளக்கிச் சொல்ல வேண்டியதுமில்லை.

அளவு தெரிய வேண்டும் என்றால் இன்னொரு முறை. 100 மில்லிலிட்டர் தண்ணீரை நுண்துளைச் சவ்வில் வடித்து, சவ்வை ஊட்டச்சத்துத் தட்டில் வைத்து 24 மணி நேரம் உடல் சூட்டில் வைத்தால், ஒவ்வொரு ஈ.கோலை கிருமியும் பெருகி ஒரு நீலப் புள்ளியாகத் தெரியும். எண்ணிவிடலாம். ஒரு புள்ளிகூட இருக்கக் கூடாது என்பது விதி. வங்கதேச அரசும் யூனிசெப்பும் 2019இல் நாடு முழுக்க வீடுகளில் இதைச் செய்தபோது, குழாயடியில் எடுத்த தண்ணீரில் ஐந்தில் இரண்டு பங்கில் ஈ.கோலை இருந்தது. அதே வீடுகளில் குடிக்கக் கொடுத்த தம்ளர் தண்ணீரில் ஐந்தில் நான்கு பங்கில் இருந்தது. குழாய்க்கும் தம்ளருக்கும் இடையிலே தண்ணீர் கெட்டது. ஆகவே எங்கே மாதிரி எடுக்கிறீர்கள் என்பதும் ஒரு கேள்விதான். கிணற்றடியில் எடுத்துவிட்டுச் சான்றிதழ் கொடுத்தால் அது கிணற்றுக்கான சான்றிதழ்.

இந்த இடத்தில்தான் குளோரின் மற்றவற்றை மிஞ்சுகிறது. காய்ச்சிய தண்ணீரில் அழுக்குக் கை பட்டால் கிருமி மறுபடி ஏறும். குளோரின் மிச்சம் இருக்கும் தண்ணீரில் பட்டால் கிருமி சாகும். அந்த மிச்சம் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது கடைசிக் குழாயில் இருக்க வேண்டும். நம் ஊர் மேல்நிலைத் தொட்டி இயக்குபவர் கண்ணாடிக் குழாயில் இரண்டு சொட்டு மருந்து விட்டு மஞ்சள் நிறம் பார்ப்பது அதைத்தான். சிக்கல் வாடை. கூடினால் ஜனங்கள் முகம் சுளித்துக் கொட்டிவிடுவார்கள். டாக்கா நகரத்துக் குடிசைப் பகுதிகளில் பொதுத் தொட்டிக்குள் தண்ணீர் நுழையும் இடத்திலேயே, மின்சாரமில்லாமல் கொஞ்சமாகக் குளோரின் கரைத்துவிடும் கருவியைப் பொருத்திப் பார்த்தார்கள். நாக்குக்குத் தெரியாத அளவு. வீட்டில் யாரும் எதுவும் கூடுதலாகச் செய்ய வேண்டாம். குழந்தைகளின் வயிற்றுப்போக்கு 23 சதவீதம் குறைந்ததாக 2019இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்தது. ஆர்சனிக்கைக் குளோரின் நீக்காது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஐம்பது லட்சம் குழாய்களுக்குப் பூசிய சாயம் சில ஆண்டுகளில் வெயிலிலும் மழையிலும் உதிர்ந்துவிட்டது. அதன் பிறகு லட்சக்கணக்கில் புதுக் குழாய்கள் இறங்கின. பல ஆண்டுகள் அவற்றில் பெரும்பாலானவற்றைச் சோதிக்க யாரும் வரவில்லை. அரசு வரும் என்று காத்திருப்பவர்களும் குறைந்துபோனார்கள். அப்படியானால் ஜனங்களே காசு கொடுத்துச் சோதித்துக்கொள்வார்களா? எல்லைக்கு இந்தப் பக்கம், அதே ஆர்சனிக் உள்ள பீகார் கிராமங்களில் இதைக் கேட்டுப் பார்த்தார்கள். சோதனையை ஒரு வீட்டுக்குப் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை வெவ்வேறு விலையில் விற்றார்கள். பத்து ரூபாய்க்கு மூன்றில் இரண்டு பங்கு வீடுகள் வாங்கின. ஐம்பது ரூபாய்க்குக் கால் பங்குகூட வாங்கவில்லை. முடிவு தெரிந்ததும் பம்பில் நிறத் தகடு மாட்டிவிட்டு வந்தார்கள். கெட்ட தண்ணீர் என்று அறிந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் வேறு குழாய்க்கு மாறினார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்துப் போனால் நல்ல முடிவு வந்தவர்களுக்கு அது நன்றாக நினைவிருந்தது. சிவப்பு வந்தவர்களில் பலர் முடிவை மறந்துவிட்டதாகச் சொன்னார்கள், சிலர் தகட்டைக் கழற்றியே விட்டிருந்தார்கள். பெண் பார்க்க வருபவர்கள் கண்ணில் சிவப்புத் தகடு பட்டால் என்ன ஆகும், வீட்டை விற்க நேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்திருக்கலாம். ஆனால் முதல் தடவை காசு கொடுக்க மறுத்தவர்களில் கணிசமானவர்கள் இரண்டாம் தடவை, அதே சோதனைக்கு, காசை எடுத்து நீட்டினார்கள்.